பல பதிப்புகளுக்கும் ஒரு செய்நிரல்

கொழும்பிலிருந்து மலைநாட்டை நோக்கி ஏறும் புகையிரதப் பாதை 1924 ஆம் ஆண்டில் பதுளையை வந்தடைந்தது. ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளமான அப்பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் தொடக்கம் முதல் முடிவு வரை ஐந்தடி ஆறங்குலமாகும். ஆதலால், பதுளையிலே தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்ட சரக்கு வண்டி, சுமையை இடையில் எங்கும் இறக்காமலே கொழும்பைச் சென்றடைய முடிந்தது. இராகலைப் பகுதித் தோட்டங்களின் நிலைமை வேறாக இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற பாதை இரண்டடி ஆறங்குல அகலமே உடையது. அவ்வழியே வந்த சரக்கு நானுஓயாவிலே ஒரு வண்டியிலிருந்து இறக்கப்பட்டு மற்றொரு வண்டியில் ஏற்றப்படல் வேண்டும். சரக்கு ஒன்றுதான், பாதையின் அகலம் மாறியதனால் கூலியும் காலதாமதமும் கூடின. அச்சிறு பாதை 1940களில் மூடப்பட்டது.

கணினியுலகிலும் இத்தகைய அகல வேறுபாடு உண்டு. ஒரு கணினியில் நன்றாக இயங்கும் செய்நிரல் அடுத்த மேசையிலுள்ள கணினியில் இயங்க மறுப்பதையும், ஒருவருடைய கைத்தொலைபேசியில் திறக்கும் பாடம் மற்றொருவருடைய கைத்தொலைபேசியில் திறவாதிருப்பதையும் பலரும் கண்டிருப்பர். இவ்வேறுபாடு எதனால் உண்டாகின்றது, அதனைச் செய்நிரல் எழுதுவோர் எவ்வாறு வெல்லுகின்றனர், ஊவா மாகாணத்துத் தோட்டப்புற மக்களுக்கு இதனால் வரும் நன்மை தீமை யாவை என்பன அறியத்தக்கன.

செய்நிரல் ஒன்று கணினியின் உறுப்புகளைத் தானே நேரில் இயக்குவதில்லை. திரையில் எழுத்தைக் காட்டுவதற்கும், வட்டில் ஓர் ஆவணத்தைச் சேமிப்பதற்கும், அச்சுப்பொறிக்குத் தாள் அனுப்புவதற்கும் அது மற்றொன்றை வேண்டி நிற்கின்றது. அந்த மற்றொன்றே பணிசெயல் முறைமை. இயங்குதளம் என்றும் அதனை வழங்குவர். விண்டோஸ், லினக்ஸ், அண்ட்ரொய்ட் என்பன இவ்வகையின. தோட்டக் கந்தோர் ஒன்றை இதற்கு உவமையாகக் கூறலாம். தொழிலாளி தமக்கு வேண்டிய முற்பணத்தையோ, விடுமுறையையோ, லயத்துக் கூரைக்கான தகரத்தையோ கந்தோரின் வழியாகவே கேட்டுப் பெறுகின்றார். கந்தோரில் எதனை எவரிடம் எவ்வாறு கேட்பது என்னும் ஒழுங்கு தெரிந்திருந்தால் காரியம் இலகுவில் முடியும். புதிய துரை ஒருவர் வந்ததும் பழைய ஒழுங்குகளிற் சில நிலைக்கும், சில மாறும், சில எடுபட்டுப் போகும். பணிசெயல் முறைமையின் புதிய பதிப்பும் இத்தகையதே. பழைய ஒழுங்கையே மனப்பாடம் செய்துகொண்டு வந்த செய்நிரல் புதிய பதிப்பின் வாயிலில் தடுமாறுகின்றது. புதிய ஒழுங்கை மட்டுமே அறிந்த செய்நிரலோ பழைய பதிப்பில் நுழையவே இயலாது போகின்றது. இவ்விரு இடர்களுக்கும் தப்பிப் பல பதிப்புகளிலும் ஒரே பணியைச் செய்யவல்ல செய்நிரலைப் பெயர்வுத்திறன் உடையது என்பர்.

இச்சிக்கல் புதியதன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969 ஆம் ஆண்டில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைத் தொடங்கினர். அக்காலத்தில் இத்தகைய முறைமைகள் குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தின் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டு, அவ்வியந்திரத்தோடு பிறந்து அதனோடு மறைந்தன. 1973 ஆம் ஆண்டில் யுனிக்ஸ் முறைமை 'சி' என்னும் பொதுவான கணினிமொழியில் திருப்பி எழுதப்பட்டது. அதன் பயனாக, 1977 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகத்தாரும், அதே காலத்தில் பெல் ஆய்வுகூடத்தாரும், முற்றிலும் வேறான அமைப்புடைய கணினிகளுக்கு அதனைக் கொண்டுசென்றனர். இயந்திரம் மாறினும் முறைமை வாழலாம் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயினும், பல கைகளுக்குச் சென்ற யுனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்தது. பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் ஒருவகையாகவும், அதன் தாய் நிறுவனத்தார் மற்றொரு வகையாகவும், கணினி விற்போர் தத்தமக்கேற்ற வகையாகவும் அதனை வளர்த்தனர். பெயர் ஒன்றாயிருந்தும் ஒழுங்குகள் வேறுபட்டன. இக்குழப்பத்தை நீக்கும் பொருட்டு 1988 ஆம் ஆண்டில் 'பொசிக்ஸ்' என்னும் பொதுத் தரம் வகுக்கப்பட்டது. இன்ன வேண்டுகோளுக்கு இன்ன விடை தரல் வேண்டும் என்று அத்தரம் விதித்தது. அவ்விதிக்கு உட்பட்டு எழுதப்பட்ட செய்நிரல், அவ்விதியை ஏற்றுக்கொண்ட எந்த முறைமையிலும் சிறு முயற்சியோடு இயங்கும். மலைநாட்டுப் பாதை முழுவதற்கும் ஒரே அகலத்தை வகுத்தது போன்ற செயல் இதுவாகும்.

இனி, நம் மொழியோடு நெருங்கிய ஓர் உதாரணத்தை நோக்குவோம். விண்டோஸ் முறைமையின் 95, 98 ஆகிய பதிப்புகள் வழங்கிய காலத்தில், அவற்றுள்ளே தமிழுக்கென ஓர் இடம் இருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழெழுத்தின் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களைக் கொண்டே தமிழ் தட்டெழுதப்பட்டது. இலங்கையில் அவ்வகையிற் பெரிதும் வழங்கியது பாமினி எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால், கணினி தன் நினைவில் வைத்துக்கொள்வது அம்மா என்னும் சொல்லை அன்று. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளையே அது வைத்துக்கொள்ளும். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மாவாகத் தோன்றும். பாமினி இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே தோன்றும். வேறொரு தமிழ் எழுத்துருவை இட்டாலோ, மூன்றாவதாக ஓர் உளறல் தோன்றும்.

முறைமைக்கு முறைமை வேறுபாடும் இதனோடு சேர்ந்துகொண்டது. ஆங்கிலக் குறிகளின் வரிசையில் 160 ஆம் இடம் பிரியா இடைவெளிக்கும், 173 ஆம் இடம் வரியிறுதியில் மட்டும் தோன்றும் சிறுகோட்டுக்கும் உரியன. எழுத்துருவை வரைந்தவர் அவ்விடங்களில் ஒரு தமிழெழுத்தை வைத்துவிட்டால், ஒரு செயலியில் அவ்வெழுத்துத் தோன்றும். மற்றொன்றில் அவ்விடம் வெறுமையாகும். எழுதியவர் மீதும் தவறில்லை. வாசிப்பவர் மீதும் தவறில்லை. பொதுவான உடன்பாடு இல்லாமையே தவறு.

அவ்வுடன்பாடு யுனிகோட் என்னும் ஒருங்குறியால் ஏற்பட்டது. 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனியே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் இடம் ஒதுக்குவது வேறு, முறைமை அதனைப் பயன்படுத்துவது வேறு. விண்டோஸ் முறைமையில் ஒருங்குறித் தமிழ் 2000 என்னும் பதிப்பிலேதான் இடம்பெற்றது. 2001 ஆம் ஆண்டில் வந்த எக்ஸ்பி பதிப்பிலே பயனர் அமைப்புப் பக்கத்திற் சென்று சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய வசதியைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. விஸ்ரா என்னும் அடுத்த பதிப்பிலேயே அவ்வசதி தொடக்கத்திலிருந்தே அமைந்தது. இலங்கையில் 2008 ஆம் ஆண்டில் இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் 1326 ஆம் இலக்கத் தரம், தமிழ்க் குறியீட்டுக்கு ஒருங்குறியையும் விசைப்பலகைக்கு ரெங்கநாதன் அமைப்பையும் ஏற்றுக்கொண்டது.

இவையெல்லாம் கணினி வல்லுநர்க்கு மட்டும் உரிய நுணுக்கங்கள் என எண்ணுதல் தகாது. பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே ஒருவருடைய பெயர் எத்தனை ஏடுகளில் ஏறுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சேர்விடாப்பு, அடையாள அட்டை, தோட்டத்துச் செக்றோல், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு என்பன அவற்றுட் சில. ஓர் ஏட்டில் இருக்கும் பெயருக்கும் மற்றோர் ஏட்டில் இருக்கும் பெயருக்கும் ஓரெழுத்து வேறுபட்டாலும், பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தைப் பெறுவதற்குச் சத்தியக் கடதாசியோடு கந்தோர் கந்தோராக அலைய நேரிடுகின்றது. குடியுரிமைக்காக ஆவணங்களைத் தேடி ஒரு தலைமுறை பட்ட பாட்டை அறிந்த மக்களுக்கு, ஏட்டிலுள்ள பெயர் சிதையாதிருத்தல் சிறிய காரியம் அன்று.

ஆகையால், தோட்டமொன்றின் செக்றோலுக்கென ஒரு செய்நிரல் எழுதப்படுவதாகக் கொள்வோம். யாருக்கு இன்று முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், யார் எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார் என்பவற்றை அது பதிய வேண்டும். கந்தோரிலே பழைய விண்டோஸ் கணினி ஒன்று இருக்கலாம். தலைமைக் காரியாலயத்திலே புதியது இருக்கலாம். மலையில் நின்று கொழுந்து நிறுப்பவரிடம் அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசி இருக்கலாம். இவையனைத்திலும் ஒரே பெயரும் ஒரே கணக்கும் வருதல் வேண்டுமாயின், செய்நிரல் எழுதுபவர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது நெறி, முறைமையின் பெயரையும் பதிப்பெண்ணையும் கேட்டு முடிவு செய்யாமல், அதன் ஆற்றலைக் கேட்டு முடிவு செய்தலாகும். இதற்கு விண்டோஸ் வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. விண்டோஸ் 95 என்பது உண்மையில் அம்முறைமையின் 4.0 ஆம் பதிப்பாகும். ஆனால், அதற்கு முன் எழுதப்பட்ட செய்நிரல்கள் பல, 3.10 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும் என்பதைப் பிழையாகச் சோதித்தன. புள்ளிக்கு முன்னுள்ள எண் மூன்றுக்குக் குறையாதிருத்தல் வேண்டும், பின்னுள்ள எண் பத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்று அவை தனித்தனியே நோக்கின. 4.0 என்பதிற் பின்னுள்ள எண் சுழியம் அல்லவா? அதனால் அச்செய்நிரல்கள் புதிய முறைமையைப் பழையது என்று கருதி இயங்க மறுத்தன. மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் வேறு வழியின்றி, அத்தகைய பழைய செய்நிரல்கள் கேட்கும்போது தன் பதிப்பு 3.95 என்று விண்டோஸ் 95 விடை கூறுமாறு செய்தனர். பின்னர் வந்த விண்டோஸ் 7 தன்னை 6.1 என்றே கூறிக்கொண்டது. 2021 ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11 இன்றும் தன் உட்பதிப்பெண்ணை 10.0 என்றே கூறுகின்றது. பெயரையும் எண்ணையும் நம்பிய செய்நிரல் ஏமாறும் என்பது இவற்றால் தெளிவாகும்.

யுனிக்ஸ் உலகத்தார் இதற்கு நல்லதொரு வழியைக் கண்டனர். 1991 ஆம் ஆண்டில் டேவிட் மக்கென்சி என்பவர் ஆக்கத் தொடங்கிய 'ஓட்டோகொன்ப்' என்னும் கருவி, கணினியின் பெயரை நம்பியிராது. சிறுசிறு சோதனைச் செய்நிரல்களை அங்கேயே இயற்றிப் பார்த்து, இன்ன வசதி உண்டு, இன்ன வசதி இல்லை எனக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப முழுச் செய்நிரலையும் அமைக்க உதவும். வேலைக்கு வருபவரின் சான்றிதழை மட்டும் பாராமல், ஒரு பணியைக் கொடுத்துச் செய்வித்துப் பார்ப்பது போன்றது இது.

இரண்டாவது நெறி, வேறுபாடுகளை ஓரிடத்தில் அடக்கி வைத்தலாகும். செக்றோலிற் கூலியைக் கணக்கிடும் முறை எல்லாப் பதிப்புகளுக்கும் ஒன்றே. அச்சுப்பொறியை அழைக்கும் முறையும், ஆவணத்தைச் சேமிக்கும் முறையுமே வேறுபடுவன. வேறுபடுவனவற்றைச் செய்நிரல் முழுவதும் சிதறவிடாது தனியொரு பகுதியில் வைத்துவிட்டால், புதிய பதிப்பு வரும்போது அப்பகுதியை மட்டும் திருத்தினாற் போதும். கூலிக் கணக்கைத் தொட வேண்டியதில்லை. தொடாத கணக்கிற் புதிய பிழை புகுவதும் இல்லை.

மூன்றாவது நெறி, பொதுத் தரத்தை மீறாதிருத்தலாகும். பெயர்களை ஒருங்குறியிலேயே சேமித்தல் வேண்டும். ஆவணப் பெயர்களிலும் கருத்து வேண்டும். விண்டோஸ் முறைமை ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வழக்கமாக ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் அவற்றை வெவ்வேறாகக் கொள்ளும். முன்னதில் ஒழுங்காகத் திறந்த ஆவணம் பின்னதில் காணப்படவில்லை என்று அறிவிக்கப்படுவதற்கு இச்சிறு வேறுபாடே காரணமாதல் உண்டு.

நான்காவது நெறி, முழு வசதியும் இல்லாத இடத்தில் வேலையை நிறுத்திவிடாது, இயன்றதைச் செய்தலாகும். அண்ட்ரொய்ட் முறைமையின் தொடக்கப் பதிப்புகளுக்குத் தமிழெழுத்தைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஆற்றல் இருக்கவில்லை. கொம்பும் காலும் தத்தம் இடத்தை விட்டு விலகி நின்றன. அக்காலத்தில் 'ஒப்பெரா மினி' என்னும் உலாவி ஓர் உபாயத்தைக் கையாண்டது. கைத்தொலைபேசிக்குத் தமிழ் தெரியாவிடின், தூரத்திலுள்ள தன் வழங்கிக் கணினியிலே எழுத்துகளைப் படமாக வரைந்து, அப்படத்தை அது அனுப்பியது. அழகிற் குறைந்ததாயினும், செய்தி வாசிக்கத்தக்கதாய் வந்து சேர்ந்தது.

இந்நெறியின் பெருமை ஆபத்துக் காலத்திலேயே நன்கு விளங்கும். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள், கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகள் மண்ணுள் புதையுண்டன. ஊவாவின் மலைச்சாரல்களில் மண்சரிவு எச்சரிக்கை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அத்துயரம் சான்றாகும். அத்தகைய எச்சரிக்கையைத் தாங்கிவரும் செய்நிரல், புதிய கைத்தொலைபேசியில் வரைபடத்தோடு அதனைக் காட்டலாம். பழைய கைத்தொலைபேசியிலோ குறுஞ்செய்தியாகவேனும் அது வந்துசேரல் வேண்டும். குறுஞ்செய்தியொன்றில் ஆங்கிலமாயின் 160 குறிகள் அடங்கும். தமிழாயின் 70 குறிகளே அடங்கும். 'கொ' என்னும் ஓரெழுத்துக்கும் 'ம்' என்னும் ஓரெழுத்துக்கும் இரண்டிரண்டு குறிகள் செலவாகும். இதனை அறிந்து, இடத்தின் பெயரையும் செய்ய வேண்டியதையும் முதலிற் கூறிச் சுருக்கமாக எழுதுவதும் செய்நிரல் ஆக்குவோரின் கடமையேயாகும்.

கல்வித்துறையிலும் இதனை நாடு கண்டது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனாப் பெருநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வரலாயின. சமிக்ஞையைத் தேடிப் பிள்ளைகள் குன்றேறிய செய்திகளைப் பலரும் அறிவர். சமிக்ஞை கிடைத்த பின்னரும் மற்றொரு தடை சிலருக்கு இருந்தது. தோட்டப்புறக் குடும்பமொன்றில் கைத்தொலைபேசி பெரும்பாலும் ஒன்றே. மூத்தவர் பாவித்து இளையவருக்கு விட்டதாகவோ, பிறரிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கியதாகவோ அது இருக்கும். புதிய பதிப்பு இருந்தாலன்றி நிறுவ முடியாது என்று பாடச் செய்நிரல் கூறிவிட்டால், அப்பிள்ளைக்கு அன்றைய வகுப்பின் கதவு அடைபட்டது என்பதே பொருள்.

இவ்வாறு கூறுவதனால் எல்லாப் பழைய பதிப்புகளையும் என்றென்றும் தாங்கி நிற்றல் வேண்டும் என்பது கருத்தன்று. விண்டோஸ் எக்ஸ்பி பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் பொதுவாக நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 7 பதிப்புக்கு 2020 ஜனவரியில் நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 10 பதிப்புக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிவுற்றது. திருத்தம் பெறாத கணினியில் மக்களுடைய பெயரையும் பணக்கணக்கையும் வைத்திருத்தல் பூட்டில்லாத பெட்டியில் வைத்தல் போலாகும். மேலும், தாங்கும் பதிப்பு ஒவ்வொன்றும் சோதிக்கப்படவேண்டிய இடம் ஒன்றைக் கூட்டுகின்றது. உழைப்பும் செலவும் அதனோடு கூடுகின்றன. ஆகவே எல்லை ஒன்றை வகுத்தல் அவசியமே. அவ்வெல்லையை எவரை நோக்கி வகுப்பது என்பதே வினா. கொழும்பிலே செய்நிரல் எழுதுபவரின் மேசையிலுள்ள புத்தம்புதிய கருவியை அளவாகக் கொள்வதா, அதனைப் பாவிக்கப் போகும் நமுனுகுலை மலைச்சாரற் பிள்ளையின் கையிலுள்ள கருவியை அளவாகக் கொள்வதா? பாவிப்பவரிடம் எவ்வெப் பதிப்புகள் உள்ளன என்பதை முன்னரே கணக்கெடுத்து, அவற்றுள் பாதுகாப்பாகத் தாங்கத்தக்க மிகப் பழையதை எல்லையாக வைத்து, அப்பழைய கருவியிலேயே முதலிற் சோதித்துப் பார்த்தலே முறையாகும்.

இந்நெறிகளைக் கற்பதற்குத் தூர தேசம் செல்ல வேண்டியதில்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் இன்று பாடசாலைப் பாடமாக உள்ளது. பதுளையிலேயே 2005 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் கணினித்துறைப் பட்டப்படிப்பும் உண்டு. பழைய கணினி இரண்டு மூன்று கிடக்கும் பாடசாலை ஆய்வுகூடம், பெயர்வுத்திறனைப் பயில்வதற்கு மிகப் பொருத்தமான இடமாகும். ஒரு மாணவர் எழுதிய சிறு செய்நிரலை அவ்வாய்வுகூடத்தின் ஒவ்வொரு கணினியிலும் இயக்கிப் பார்த்து, எங்கே பிழைக்கின்றது, எதனாற் பிழைக்கின்றது என்று ஏட்டில் எழுதி வருவாராயின், நூலொன்றில் ஒருமுறை வாசிப்பதிலும் மிகுதியாகக் கற்றுக்கொள்வார். லயத்தில் வளர்ந்து, வீட்டிலுள்ள பழைய கைத்தொலைபேசியின் குறைகளை நன்கறிந்த பிள்ளையொன்று நாளை செய்நிரல் எழுதும்போது, அத்தகைய கருவி வைத்திருப்போரை மறவாது எழுதும் என எதிர்பார்க்கலாம். தோட்டப்புறப் பாடசாலைகளிற் கணினிக் கல்வியை வளர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.